வெள்ளைச் சட்டை அக்குளில் மஞ்சள் கறை: வினிகரா, ஆப்ப சோடாவா, பெராக்சைடா?

பருத்திக்கொட்டை கேட்டது:

வெள்ளை காட்டன் சட்டை மூன்று. அக்குள் பகுதி மட்டும் மஞ்சளாகி, கஞ்சி போட்ட மாதிரி விறைத்து நிற்கிறது. தினமும் ரோல்-ஆன் போடும் பழக்கம். ஒரு சட்டையைத் திரவ ப்ளீச்சில் ஊறவைத்ததில் மஞ்சள் இன்னும் கூடிவிட்டது. கருப்பு டி-ஷர்ட்டில் வேறு பிரச்சினை, அக்குளிலும் இடுப்புப் பக்கமும் வெள்ளைத் திட்டு. ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். எதை முதலில் போடுவது, எவ்வளவு, எத்தனை நேரம் என்று தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

கரைசல் பதில்:

முதல் காரியமாக ப்ளீச்சை நிறுத்துங்கள். இது வெறும் வியர்வைக் கறை இல்லை. ரோல்-ஆன் ஆன்டிபெர்ஸ்பிரன்ட் வகையாக இருந்தால், வியர்வையை அடைப்பது அதிலுள்ள அலுமினிய உப்பு. பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘அலுமினியம் குளோரோஹைட்ரேட்’ மாதிரி ஒரு பெயர் இருக்கும். அந்த உப்பு வியர்வையின் புரதத்தோடும் தோலின் எண்ணெயோடும் சேர்ந்து நூலுக்குள் படிந்து கெட்டியாகிறது. விறைப்புக்குக் காரணம் அதுதான். குளோரின் ப்ளீச் அந்த உப்பை அசைக்காது; புரதத்தைத்தான் இன்னும் மஞ்சளாக்கும். உங்கள் சட்டைக்கு நடந்தது அதுவே. அந்தச் சட்டையை இரண்டு மூன்று தண்ணீரில் நன்றாக அலசி, ப்ளீச் வாசனை அறவே போன பிறகுதான் கீழே சொல்வதைத் தொடங்க வேண்டும். துணியில் ப்ளீச் மிச்சம் இருக்கும்போது வினிகர் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். பாத்ரூம் மாதிரி அடைசலான இடத்தில் அது விளையாட்டில்லை.

வேலையை இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும். அமிலம் போட்டு உப்பைத் தளர்த்துவது ஒன்று. சோப்பும் பெராக்சைடும் போட்டு எண்ணெயையும் மஞ்சளையும் எடுப்பது அடுத்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் இரண்டும் கெடும். வினிகரில் ஆப்ப சோடாவைக் கொட்டினால் நுரை பொங்கும், பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, மிஞ்சுவது எதற்கும் ஆகாத உப்புக் கரைசல்தான்.

முதல் கட்டம்: சட்டையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழியுங்கள். இரண்டு அக்குள்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்துக்குள் திணித்தால் 100 மில்லி வெள்ளை வினிகரே போதும். முழுச் சட்டையை பக்கெட்டில் முக்கினால் அரை லிட்டர் வீணாகும். கடையில் கிடைக்கும் சமையல் வினிகர் 4 முதல் 5 சதவீதம் இருக்கும், அப்படியே ஊற்றலாம். பழைய கறைக்கு ஒரு மணி நேரம். அலுமினியம், பித்தளைப் பாத்திரம் வேண்டாம். பிறகு பழைய டூத் பிரஷ்ஷால், அதுவும் மெதுவான நார் உள்ளதால், நூல் ஓடும் திசையிலேயே தேய்த்து நன்றாக அலசுங்கள். வினிகர் வாசனை போகும்வரை அலசுவது முக்கியம். மிச்ச வினிகர் அடுத்த கட்டத்துச் சோடாவைத் தின்றுவிடும். வினிகரையும் பெராக்சைடையும் ஒரே கிண்ணத்தில் கலக்கவும் கூடாது, தோலையும் கண்ணையும் அரிக்கும் வேறொரு அமிலம் உண்டாகும்.

இரண்டாம் கட்டம்: மெடிக்கல் ஷாப்பில் ஹைட்ரஜன் பெராக்சைடு கேளுங்கள். லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். ‘20 வால்யூம்’ என்றால் ஏறத்தாழ 6 சதவீதம்; நமக்கு வேண்டியது 3. சம அளவு தண்ணீர் சேர்த்தால் சரியாகிவிடும். இப்படி நீர்த்ததில் 2 டேபிள்ஸ்பூன், பாத்திரம் தேய்க்கும் லிக்விட் 1 டேபிள்ஸ்பூன், ஆப்ப சோடா 1 டேபிள்ஸ்பூன். மோர்க்குழம்பு பதத்துக்கு வரும். கறைமேல் பூசி அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். காயக் கூடாது, காய்ந்துவிட்டால் வேலை நின்றுவிடும், அதனால் மேலே ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டு நிழலில் வையுங்கள். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விரல் நுனி வெளுத்துச் சுரீரென்று எரியும். கலவையை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கலந்துகொள்ள வேண்டும். மூடிய பாட்டிலில் எடுத்து வைத்தால் ஆக்சிஜன் சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.

அலசிவிட்டு, கைக்கு இதமான வெதுவெதுப்பில், 40 டிகிரி போதும், வழக்கமான பவுடரில் துவையுங்கள். ஈரமாக இருக்கும்போதே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மஞ்சள் மிச்சம் இருந்தால் காயவிடாமல் இரண்டாம் கட்டத்தை மறுபடி செய்யுங்கள். கறை போகாத துணியில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் முடிந்தது கதை, சூடு அதைக் கெட்டியாகப் பிடித்து வைத்துவிடும். கொதிக்கும் தண்ணீருக்கும் அதே பலன்.

நூல்கண்டு பதில்:

கரைசல் சொன்னது வெள்ளை காட்டனுக்குச் சரி. கலர் துணிக்குப் பெராக்சைடை எடுத்தவுடன் போட்டுவிடாதீர்கள். கீழ் மடிப்பின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டு, 10 நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். ஒற்றிய துணியில் சாயம் வந்தாலோ அந்த இடம் வெளிறினாலோ, அதோடு விட்டுவிடுங்கள்.

கருப்பு டி-ஷர்ட்டுக்குத் தண்ணீரே தேவைப்படாது. வெள்ளைத் திட்டு நூலுக்குள் போகவில்லை, மேலே ஒட்டியிருக்கும் பொடிதான். சுத்தமான காய்ந்த காலுறையை விரலில் மாட்டிக்கொண்டு தேய்த்தால் உதிர்ந்துவிடும். ஈரத்துணியால் துடைத்தால் பொடி குழைந்து பரவும். தொட்டால் மெழுகு மாதிரி வழுவழுப்பாக இருந்தால் மட்டும் பாத்திர லிக்விட் நாலைந்து சொட்டு, 15 நிமிடம், வெதுவெதுப்பான தண்ணீர். எலுமிச்சையைத் தேய்த்து வெயிலில் போடும் யோசனை வெள்ளைக்குப் பரவாயில்லை, கருப்பில் செம்பட்டையாகத் திட்டு விழும்.

துணி பாலியெஸ்டராக இருந்தால் எண்ணெய்ப் பசையையும் நாற்றத்தையும் காட்டனைவிட இறுக்கிப் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 டேபிள்ஸ்பூன் ஆப்ப சோடா கரைத்து அரை மணி ஊறவைத்துப் பிறகு துவையுங்கள். ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டாம். அது படலமாகப் படிந்து அடியில் இருப்பதை மூடி வைக்கும்.

பருத்திக்கொட்டை:

நன்றி. மூன்று சந்தேகம். வினிகர் வீட்டில் இல்லை, எலுமிச்சை உப்பு இருக்கிறது. ஆப்ப சோடாவுக்குப் பதில் சலவை சோடா போடலாமா? நீலம் போட்டால் மஞ்சள் போய்விடும் என்கிறார்களே, உண்மையா? வீட்டில் பட்டு ஜாக்கெட் ஒன்றும் அக்குளில் நிறம் மாறிக் கிடக்கிறது.

கரைசல்:

எலுமிச்சை உப்பு என்பது சிட்ரிக் அமிலம்தான், தாராளமாகப் போடலாம். 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீருக்கு 1 டீஸ்பூன், அதாவது சுமார் 5 கிராம். வாசனையும் இல்லை. எலுமிச்சம்பழமே பிழிவதானால் வடிகட்டி ஊற்றுங்கள்.

சலவை சோடா வேண்டாம். பெயரில் இரண்டும் சோடா, வீரியத்தில் எட்டாத தூரம். சலவை சோடா கடுங்காரம். பெராக்சைடோடு சேர்ந்தால் வேகம் தலைதெறிக்கும், துணியும் கையும் தாங்காது.

நீலம் எதையும் எடுக்காது. மஞ்சளுக்கு எதிர் நிறத்தை மேலே ஏற்றிக் கண்ணை ஏமாற்றுகிறது, அவ்வளவே. கறை போன பிறகு கடைசித் தண்ணீரில் போடுவதில் தப்பில்லை. கறை இருக்கும்போது கூடுதலாகப் போட்டால் அக்குள் லேசான பச்சையாகத் தெரியும்.

ஊசிமுனை பதில்:

பட்டு ஜாக்கெட்டை மேலே சொன்ன எதிலும் முக்காதீர்கள். பட்டு நூலே புரதம், சோடாவின் காரம் அதை அரிக்கும். சரிகை இருந்தால் வினிகரில் கருக்க வாய்ப்பு உண்டு. கறை புதிதாக இருந்தால் பச்சைத் தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். பழையதென்றால் டிரைகிளீனிங்தான் வழி. கொடுக்கும்போதே ‘ரோல்-ஆன் கறை’ என்று சொல்லிக் கொடுங்கள்; இல்லாவிட்டால் பொதுவான வியர்வைக் கறை என்று நினைத்து வேறு மருந்து போட்டுவிடுவார்கள்.

நிறமே மாறியிருக்கிறது என்றால் அதைக் கறை என்று சொல்ல முடியாது. வியர்வையும் அலுமினிய உப்பும் சாயத்தைத் தின்றிருக்கும். அதை எந்த மருந்தும் திருப்பித் தராது. உள் லைனிங் மட்டும் மஞ்சளாகியிருந்தால் தையல்காரரிடம் கொடுத்து லைனிங்கை மாற்றிக்கொள்ளலாம், அது சின்ன வேலை. அடுத்து தைக்கும்போது லைனிங்கை வெள்ளை காட்டனில் வைத்து, அக்குளில் கழற்றி மாட்டும் ஸ்வெட் பேட் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. காட்டன் ஜாக்கெட்டுக்குப் பெராக்சைடு போடும்போது ஹூக் பக்கம் கலவை படாமல் பாருங்கள். துருப்பிடித்த இரும்பு ஹூக்கில் பட்டால் பெராக்சைடு அந்த இடத்தில் மட்டும் வேகமாகச் சிதைந்து துணியில் ஓட்டை விழும். கறை போகும், கூடவே துணியும் போகும்.

நூல்கண்டு:

மறுபடி வராமல் இருக்க: ரோல்-ஆனைச் சட்டை போடும் நேரத்தில் பூசாமல் ராத்திரி படுக்கும் முன் காய்ந்த தோலில் மெல்லிசாகப் பூசுங்கள். ராத்திரியில் வியர்வை குறைவு, உப்பு தோலில் நன்றாகப் பிடிக்கும், துணிக்குக் குறைவாகப் போகும். காலையில்தான் போட வேண்டுமென்றால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயட்டும். கழற்றிய சட்டையை அன்றைக்கே அலசிப் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வரை கூடையில் கிடந்தால் பிடித்துக்கொள்ளும்.

இயற்கை என்று சொல்லிப் படிகாரக் கல்லுக்கு மாறுகிறவர்கள் கவனிக்க: படிகாரமும் அலுமினிய உப்புதான். அலுமினியமே வேண்டாம் என்றால் லேபிளில் அந்தப் பெயர் இல்லாத வெறும் டியோடரன்ட்டாகப் பார்த்து வாங்குங்கள். அது நாற்றத்தைக் குறைக்கும், வியர்வையை நிறுத்தாது.

கரைசல்:

ப்ளீச் பட்ட அந்தச் சட்டைக்கு மட்டும் ஒரு வார்த்தை. இரண்டாம் கட்டத்தை மூன்று தடவைக்கு மேல் செய்யாதீர்கள். ஒவ்வொரு தடவையும் பெராக்சைடு நூலையும் கொஞ்சம் தின்னும். அக்குள் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மற்ற இடத்தைவிட மெல்லிசாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அதை உள்ளே போடும் சட்டையாக வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் கவனியுங்கள்.