லிட்டருக்கு 11 கிலோமீட்டர்தான், ஆனா வண்டியை விக்க மனசு வரல

சத்துவாச்சாரிக்காரன்:

போன வாரம் வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கத்துல பங்க்ல நிக்கிறேன். பக்கத்துல டிவிஎஸ்ஸுக்கு 100 ரூபாய்க்குப் போட்டுட்டுக் கிளம்பவேண்டிய பெரியவர், கிளம்பாம என் மீட்டரையே பார்த்துகினு இருந்தாரு. 3,000 தாண்டுச்சு, 4,000 தாண்டுச்சு, 4,600ல போய் நின்னுச்சு. "இன்னா தம்பி, வண்டிக்கு ஊத்துறியா, கெணத்துக்கு ஊத்துறியா?"ன்னாரு. பங்க் பையன் சிரிச்ச சிரிப்புல பில்லு குடுக்கவே மறந்துட்டான்.

என்கிட்ட இருக்கிறது 2015 மாடல் டாடா சஃபாரி ஸ்டார்ம், பெரிய எஸ்யூவி வண்டி. 2019ல செகண்ட் ஹேண்டா எடுத்தேன். 2.2 லிட்டர் டீசல், எடை கிட்டத்தட்ட 2 டன். காட்பாடி பாலம், பழைய பஸ் ஸ்டாண்டுன்னு ஊருக்குள்ளயே சுத்துனா லிட்டருக்கு 9 கிலோமீட்டர். பெங்களூர் ரோட்டுல 80ல போனா 13. அதே ரோட்டுல 110 மிதிச்சா 10க்கு இறங்கிடும். இதுல அதிசயம் ஒண்ணும் இல்ல. பீரோவை நிமிர்த்தி வச்சுக் காத்துல தள்ளிகினு போற மாதிரி வண்டி இது. வேகம் ரெண்டு மடங்கானா காத்து நாலு மடங்கு எதிர்க்கும்.

கணக்கு பார்க்காதவன் இல்ல நான். முன்னாடி வச்சிருந்த சின்ன டீசல் கார் 19 குடுத்துச்சு. வருசத்துக்கு 12,000 கிலோமீட்டர்னு வச்சுக்குங்க. அதுக்கு 630 லிட்டர், சராசரி 11 குடுக்கிற இதுக்கு 1,090. 460 லிட்டர் வித்தியாசம், லிட்டர் 93ன்னு போட்டா வருசத்துக்கு 43,000 ரூபாய் கிட்ட வருது. வீட்டம்மா இதை மாசக் கணக்காக்கி, "3,500 ரூபா! ஒரு சீட்டு கட்டியிருந்தா இந்நேரம் எடுத்திருக்கலாம்"னு ஒவ்வொரு ஒண்ணாந்தேதியும் சொல்றாங்க. பதில் சொல்ல எனக்கு வாய் கிடையாது.

ஆனா இலவம்பாடிக்குப் போய்ட்டு வர்ற அன்னிக்கு அவங்க வாயில இருந்து இந்தப் பேச்சு வராது. மாமனார் வீடு அங்கதான். முள்ளுக் கத்திரிக்காய்க்குப் பேர்போன ஊரு, 2023ல புவிசார் குறியீடு கிடைச்சதே, அந்தக் கத்திரிக்காய். திரும்பி வரும்போது ரெண்டு மூட்டை கத்திரிக்காய், ஒரு மூட்டை நெல்லு, தேங்காய், மச்சினிச்சி, அவ பசங்க ரெண்டு பேர், நாங்க நாலு பேர். பின்னாடி பக்கவாட்டு சீட்டுல பசங்க எதிரெதிரா உட்கார்ந்துக்குவானுங்க, நடுவுல மூட்டை. ஒருதடவை ஸ்பீடு பிரேக்கர்ல குலுங்குன குலுங்கல்ல கத்திரிக்காய்க் காம்பு முள்ளு சாக்கைத் தாண்டி என் பையன் முழங்கால்ல ஏறிடுச்சு. பள்ளிகொண்டா வரைக்கும் அழுகை. பழைய கார்னா இந்த லோடுக்கு ரெண்டு நடை அடிக்கணும், இல்ல மூட்டையைத் தனியா டாடா ஏஸ்ல போடணும். இன்னொண்ணு, டோல்ல சின்ன காருக்கும் இதுக்கும் ஒரே காசுதான். அந்த ஒரு இடத்துல மட்டும் நான் லாபம்!

அம்மா கதை வேற. மொத நாள் வண்டியைப் பார்த்ததும் "இன்னாடா, பஸ்ஸு மாதிரி கீது, நான் எப்படிடா ஏறுவேன்?"ன்னாங்க. ரெண்டு முட்டியும் தேய்மானம். சமையல்கட்டுல இருந்த குட்டி மர ஸ்டூலை எடுத்துப் போட்டேன். அதுல ஒரு கால், அப்புறம் கைப்பிடியைப் புடிச்சு சீட்டு. சின்ன கார்ல உட்காரும்போது பள்ளத்துல விழுற மாதிரி தொப்புனு விழுவாங்க, எழுப்ப ரெண்டு ஆளு வேணும். இதுல இறங்கும்போது காலை நீட்டினா ஸ்டூல், அடுத்து தரை. அவ்ளோதான். இப்ப அந்த ஸ்டூல் டிக்கியிலயேதான் கிடக்கு, சமையல்கட்டுக்கு வேற வாங்கியாச்சு.

ஒரு எச்சரிக்கை மட்டும். 2021 நவம்பர்ல பாலாறு பொங்கினப்போ மச்சான் பக்கத்துல உட்கார்ந்துகினு, "உயரமான வண்டிதானே மாமா, தரைப்பாலத்துல இறக்குங்க"ன்னான். திருப்பிட்டேன். ஓடுற தண்ணிக்கு 2 டன்னும் ஒண்ணுதான், 20 கிலோவும் ஒண்ணுதான்.

குடியாத்தம் பெட்ரோல் பார்ட்டி:

அண்ணே, எழுத்து சூப்பர். ஆனா நான் 20 குடுக்கிற சின்ன கார்ல போய் மிச்சமாகிற காசுல ஆம்பூர்ல பிரியாணி சாப்டுட்டு வர்றேன். நீங்க பங்க்ல பில்லு சாப்புடுங்க.

ஏலகிரி அடிவாரம்:

நம்ம வீட்டுல ஸ்கார்ப்பியோ. மலைக்கு 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் புலவர் பேரு, வள்ளல் பேருன்னு போர்டு வச்சிருப்பாங்க. லோடோட ரெண்டாவது கியர்ல இஞ்சின் திணறாம ஏறும் பாருங்க, அந்த சுகம் தனி. டீசல் முள்ளு இறங்குறதும் தனி! ஆனா உண்மையைச் சொல்லணும், உயரமான வண்டி வளைவுல சாயும். எங்க மாமியாருக்கு ஏழாவது வளைவு வந்தாலே எலுமிச்சம்பழத்தை மூக்குல வச்சாகணும். சின்ன கார்ல அவங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்ல. அந்தக் கார்லயே வரட்டும்னு விட்டுட்டேன்.

ராணிப்பேட்டைவாசி:

நான் பெரிய வண்டி வச்சிருந்து வித்தவன். மைலேஜுக்காக விக்கல. கிளட்ச் மாத்த ஒரு ஒர்க் ஷாப்ல விட்டேன், சொன்னது ஒண்ணு, போட்ட பில்லு அதுல ரெண்டு மடங்கு. கோவத்துல வித்துட்டேன். இப்ப சின்ன கார், எல்லாம் சவுகரியம். ஆனா ராத்திரி பைபாஸ்ல லாரிக்கு நடுவுல போகும்போது அந்த உயரத்துல உட்கார்ந்து ரோட்டைப் பார்த்த தைரியம் வரமாட்டேங்குது. சத்துவாச்சாரி அண்ணே, அந்த 11 டிஸ்ப்ளே சொல்றதா, நீங்க அளந்ததா?

சத்துவாச்சாரிக்காரன்:

அளந்ததுதான். டிஸ்ப்ளே எப்பவுமே ஒண்ணு ஒன்றரை கூட்டித்தான் சொல்லும். ஒரே பங்க், ஒரே பம்ப், ஆட்டோ கட் ஆகுற வரைக்கும் ஃபுல் டேங்க். திரும்ப அங்கயே வந்து அதே மாதிரி ஃபுல். ஓடுன கிலோமீட்டரை ரெண்டாவது தடவை போட்ட லிட்டரால வகுத்துக்குங்க. டயர் காத்து கம்மியா இருந்தாலும் மைலேஜ் இறங்கும், அதைப் பார்த்துட்டு அளங்க.

குடியாத்தம் தம்பிக்கு ஒண்ணு சொல்றேன், நல்லா சிரிச்சுக்கோ. முந்தாநேத்து ஆற்காட்டுல ஒரு கல்யாணம். அம்மாவை மண்டப வாசல்ல ஏத்திட்டு ஸ்டூலை அங்கயே விட்டுட்டேன். வீட்டுக்கு வந்து இறங்கும்போதுதான் தெரிஞ்சுது. அம்மாவைத் தூக்கி இறக்கி உட்கார வச்சுட்டு, திரும்ப ஆற்காடு போய் எடுத்துகினு வந்தேன். ஸ்டூல் விலை 150 ரூபாய். போய் வந்த டீசல் 400.