கைச்சாவி வாட்ச் ஓடிட்டே இருந்து நின்னுடுது, உதவி வேணும்

பழசுபிரியன்: அவசரம். பழைய தங்க வாட்ச், கையால சாவி கொடுக்கிறது. நல்லா ஓடிட்டே இருக்கும், திடீர்னு நின்னுடும். முள்ளைத் திருப்பி நேரம் வெச்சா மறுபடி ஓடுது. நாளைக்கு விசேஷத்துக்குக் கட்டணும்.

திருகாணி: எந்த மூவ்மெண்ட் (உள்ளே ஓடுற இயந்திரம்)? கடைசியா சர்வீஸ் எப்போ? படுக்க வெச்சா நிக்குதா, கையில கட்டியிருக்கும்போதா?

வடக்குமுனை: காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர் பக்கத்துல வெச்சீங்களா? திசைகாட்டிகிட்ட கொண்டு போங்க, ஊசி ஆடினா அதேதான்.

திருகாணி: காந்தம் ஏறினா ஹேர்ஸ்பிரிங் (வேகத்தைக் கட்டுப்படுத்துற மெல்லிய சுருள்) சுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், பெரும்பாலும் வாட்ச் வேகமா ஓடும் சார். இவர் நிக்குதுங்கிறார்.

அரைச்சுத்து: சாவி ஓவரா கொடுத்திருப்பீங்க. வாட்சை ஓட்டுற மெயின் ஸ்பிரிங் இறுகிடும். எப்பவும் ரெண்டு சுத்து குறைச்சே நிறுத்தணும்.

மூத்தமுள்: நூறு தடவை எழுதியாச்சு, தேடிப் படிக்க ஒருத்தருக்கும் பொறுமை இல்ல. மூவ்மெண்ட் பேர் கூட சொல்லாம கேட்டா நாங்க என்ன ஜாதகமா பாக்குறது? முழுசா சுத்தின ஸ்பிரிங்தான் முழு விசையோட தள்ளும். நிறைய சாவி கொடுத்தும் நின்னா எண்ணெய் காஞ்சிருக்கும், இல்ல அழுக்கு. ஆட்டோமேட்டிக்ல (கை அசைவுல தானா சாவி ஏறுறது) ஸ்பிரிங் நுனி பேரல், அதாவது அது இருக்கிற டப்பா, சுவர்ல வழுக்கிடும். கைச்சாவில கொக்கில மாட்டியிருக்கும், அதான் கிரவுன் (சாவி கொடுக்கிற திருகு) டக்னு நிக்குது. அதுக்கு மேலயும் முறுக்கினா உடையும்.

அரைச்சுத்து: உடையும்னு நீங்களே சொல்றீங்களே.

மூத்தமுள்: உடையறது வேற, இறுகி நிக்கிறது வேற.

திருகாணி: அது கிடக்கட்டும். நின்னப்ப மணி என்ன காட்டுச்சு?

பழசுபிரியன்: மூவ்மெண்ட் தெரியல, திறக்கல. ரெண்டே முள், செகண்ட் முள் கிடையாது. ரொம்ப மெலிசு. நேத்து 4.22, இன்னைக்குக் காலைல 9.49. அதுக்கு முன்னாடி 7.38னு நினைக்கிறேன். போன வாரம் கண்ணாடி மாத்தற வரைக்கும் பிரச்சினையே இல்ல.

திருகாணி: கண்ணாடி மாத்தினதை இப்பதான் சொல்றீங்க! மூணுமே ரெண்டு முள்ளும் ஒண்ணுமேல ஒண்ணு வர்ற நேரம். 12 மணி நேரத்துல 11 தடவை, சுமார் 65 நிமிஷத்துக்கு ஒருக்கா வரும். பெரிய முள் சின்ன முள்ளை உரசுது. சாவி நிறைய இருந்தா உரசிட்டே தாண்டிடும், விசை குறைஞ்சா அங்கேயே மாட்டிக்கும். லென்ஸ் வெச்சு பக்கவாட்டுல பாருங்க, ரெண்டுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியணும். புதுக் கண்ணாடி தாழ்வா இருந்தாலும் முள்ளை அமுக்கும். நீங்களா நிமிர்த்தாதீங்க, டயல் கீறிடும்.

அரைச்சுத்து: மெலிசா செஞ்சாலே இந்த வம்புதான். பியாஜே கம்பெனி 1957ல 9பி மூவ்மெண்ட் போட்டு 2 மி.மீ.ன்னு பெருமை பேசினதுலேர்ந்து ஆரம்பிச்சது.

மூத்தமுள்: வாஷெரான் கம்பெனியோட 1003 மூவ்மெண்ட் அதுக்கு முன்னாடியே, 1955ல. 1.64 மி.மீ. மூவ்மெண்ட் தடிமனுக்கும் முள் வளையறதுக்கும் என்ன சம்பந்தம்?

அரைச்சுத்து: கேஸும் மெலிசு, முள்ளுக்கு மேல இடமே இருக்காது. அதான் சம்பந்தம்.

பழசுபிரியன்: முள்ளுதான். சரி பண்ணியாச்சு, ஓடுது. நன்றி.

வடக்குமுனை: எதுக்கும் திசைகாட்டி ஒருக்கா வெச்சுப் பாத்துடுங்க.