2 அடி டேங்க்குக்கு கேனிஸ்டர் ஃபில்டர் போடலாமா? சத்தம் தாங்கல

புக்கிட்பாத்தோக்_மீன்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர்ல எங்க வீட்ல 2 அடி மீன் டேங்க் ஒன்னு இருக்கு, 60க்கு 30, உயரம் 36 செ.மீ. உள்ள நியான் டெட்ரா, கொஞ்சம் செர்ரி இறால், அனுபியாஸ், ஜாவா மாஸ், அவ்ளோதான். இப்ப டேங்க் விளிம்புல தொங்கற ஹேங் ஆன் ஃபில்டர் ஓடுது, தண்ணி ரெண்டு விரல் இறங்கிட்டா போதும் சலசலன்னு ஆரம்பிச்சிடும், டேங்க் இருக்கறது ஹால்ல, அம்மா ராத்திரி ஹால்லதான் படுப்பாங்க, குழாய மூடாம போயிட்டியான்னு என்ன எழுப்பி கேக்கறாங்க. அதனால கேனிஸ்டர் (டேங்க்குக்கு வெளிய நிக்கற மூடுன டப்பா ஃபில்டர்) போட்டுடலாம்னு பாக்கறேன். கடையில ஒரு அங்கிள் மணிக்கு 1000 லிட்டர் ஓட்டற ஃபில்டர்தான் எடுக்கணும், பெருசுதான் நல்லதுங்கறாரு. நெசமா? அப்புறம் வீடு 9வது மாடி, ஹோஸ் கழண்டு கீழ் வீட்டுக்கு தண்ணி எறங்கிட்டா என்ன பண்றதுன்னு பயமா வேற இருக்கு.

அவென்யூ1_வாசி:
தம்பி, அந்த அளவுக்கு கணக்கு போட்டா 64 லிட்டர் சொச்சம் வரும், ஆனா மண்ணு கல்லு போக, விளிம்பு வரைக்கும் ஊத்தவும் மாட்டீங்க, அதனால நெசமா நிக்கறது 50 லிட்டர் பக்கம்தான். மணிக்கு நாலஞ்சு தடவை தண்ணி சுத்தி வந்தா போதும், அதாவது 200, 250 லிட்டர். பெட்டியில போட்டிருக்கற நம்பர அப்படியே நம்பாதீங்க, அது பெரும்பாலும் உள்ள மீடியா (தண்ணிய வடிகட்டற ஸ்பாஞ்சு, பீங்கான் வளையம் மாதிரி சாமான்) இல்லாம அளந்தது, மீடியா போட்டு ஹோஸ்ல மேல ஏறி வர்றப்ப நல்லாவே குறையும். ஈஹைம் கம்பெனியோட கிளாசிக் 2213 கேனிஸ்டர் இருக்கே, மணிக்கு 440 லிட்டர், 8 வாட், உங்க டேங்க்குக்கு அது தாராளம். 1000 லிட்டர் மாட்டுனா டெட்ரா நீந்தாது, துணி தொவைக்கற மிஷின்ல போட்ட மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும். பெருசு வாங்கறதுல ஒரே லாபம் மீடியா நெறைய புடிக்கும், அதுக்கு டப்பா பெருசா இருந்தா போதும், பம்பு பெருசா இருக்கணும்னு இல்ல.

கரண்ட் பத்தி கவலையே வேணாம். 8 வாட் நாள் பூரா ஓடுனாலும் மாசத்துக்கு 6 யூனிட்கூட வராது, 2 வெள்ளி பக்கம்தான். செராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் ஒரு நடை போங்க, வரிசையா மீன் கடைங்க இருக்கு, நாலு கடையில வெல கேட்டுட்டு வாங்குங்க.

பழையதொட்டி:
நான் வேற மாதிரி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அம்பது லிட்டருக்கு கேனிஸ்டரே தேவையில்ல. தண்ணிய தெனம் ஒரு கப் ஊத்தி மட்டத்த ஏத்தி வச்சாலே ஹேங் ஆன் சத்தம் போயிடும். இல்லன்னா ஸ்பாஞ்சு ஃபில்டர், எறாலுக்கு அதவிட பாதுகாப்பானது எதுவும் இல்ல, வெலையும் கம்மி.

அவென்யூ1_வாசி:
அண்ணே ஸ்பாஞ்சு ஃபில்டர் நல்லதுதான், நான் மாட்டேன்னு சொல்லல. ஆனா அத ஓட்டற ஏர் பம்பு ராத்திரியில உர்ர்ருன்னு ஓடும், அவங்க அம்மா திரும்பவும் எழுப்புவாங்க 😄

இறால்பைத்தியம்:
வாங்கறது சுலபம், மாட்டறதுலதான் விஷயம் இருக்கு, அத கொஞ்சம் விவரமா சொல்றேன். கேனிஸ்டர் எப்பவும் டேங்க்குக்கு கீழதான் நிக்கணும், கேபினெட்குள்ள தரையோட தரையா. டேங்க் தண்ணி தன் எடையில தானா கீழ எறங்கி வரும், பம்பு அத திரும்ப மேல தள்ளும், அவ்ளோதான் கதை. பக்கத்துல மேசை மேல வச்சா வேலைக்கு ஆகாது. ஹோஸ் நீளமா இருக்கேன்னு சுருட்டி விடாதீங்க, ஒரே சீரா எறங்கற மாதிரி வெட்டிடுங்க, தொங்கி வளைஞ்சு நிக்கற எடத்துல காத்து அடைச்சுக்கும்.

மீடியாவ தண்ணி போற வழிய பாத்து அடுக்கணும். கிளாசிக்ல தண்ணி அடியில நொழைஞ்சு மேல வரும், அப்ப அடியில முரட்டு ஸ்பாஞ்சு, நடுவுல பீங்கான் வளையம், மேல மெல்லிசு பஞ்சு. தலைகீழா அடுக்குனா பஞ்சு சீக்கிரமே அடைச்சு ஓட்டம் நின்னுடும். கார்பன் எப்பவும் வேணாம், மருந்து போட்டா அப்புறம் அத எடுக்க ஒதவும். உறிஞ்சற குழாய் வாயில கண்டிப்பா ஒரு ஸ்பாஞ்சு மாட்டுங்க, இல்லன்னா குட்டி எறால் எல்லாம் டப்பாக்குள்ள குடும்பம் நடத்தும்.

சத்தம்தானே உங்க பிரச்சினை, இத கவனிங்க. ஸ்ப்ரே பார (தண்ணி டேங்க்குக்கு திரும்ப வர்ற ஓட்டை போட்ட குழாய) தண்ணிக்கு மேல வச்சா மறுபடி அதே சலசல. ரொம்ப அடியில வச்சா சத்தம் இருக்காது, ஆனா மேல்மட்டம் அசையாது, நம்ம ஊர் சூட்டுல அது ஆபத்து. 20 டிகிரி தண்ணி லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் புடிக்கும், 30 டிகிரின்னா ஏழரைதான். அதனால மட்டத்துக்கு ஒரு விரல் கீழ, ஓட்டைங்க லேசா மேல் பாத்து, பின்பக்க கண்ணாடிய பாத்த மாதிரி வைங்க. தண்ணி மேல சுருக்கம் சுருக்கமா அலை ஓடும், சத்தம் கேக்காது. தெனம் ஆவியாகறத மட்டும் ஊத்தி அந்த மட்டத்த காப்பாத்துங்க.

ஒழுகற பயத்துக்கு: மாட்டறதுக்கு முன்னாடி குளியலறையில பக்கெட் வச்சு ஒரு ராத்திரி ஓட்டிப் பாருங்க. மூடிக்குள்ள இருக்கற ரப்பர் வளையத்துல ஒரு மண்ணு துகள் இருந்தாலும் சொட்டும், தொடைச்சிட்டு சிலிகான் கிரீஸ் தடவுங்க, வேசலின் வேணாம், ரப்பர் ஊதிப்போகும். ஹோஸ மூடித் தொறக்கற டேப் ரெண்டும் கழட்டி மாட்டற வகையா கேட்டு வாங்குங்க, சில பெட்டியில டேப் வராது, தனியா வாங்கணும். கேனிஸ்டர ஒரு பிளாஸ்டிக் தட்டுல வைங்க. வயர பிளக்குக்கு கீழ தொங்க விட்டு மாட்டுங்க, தண்ணி வயர் வழியா வந்தாலும் அந்த வளைவுலயே சொட்டிடும், சாக்கெட்டுக்குப் போகாது.

ரொம்ப முக்கியம், பழைய ஹேங் ஆன உடனே கழட்டாதீங்க! ரெண்டும் ஒரு நாலஞ்சு வாரம் சேந்து ஓடட்டும், இல்லன்னா அதுல இருக்கற ஸ்பாஞ்ச கேனிஸ்டர்குள்ள போடுங்க. அமோனியாவ திங்கற பாக்டீரியா அதுலதான் இருக்கு. நம்ம குழாய் தண்ணியில இருக்கறது குளோராமின், ஒரு ராத்திரி பக்கெட்ல வச்சா போகாது, அதனால மீடியாவ என்னைக்கும் குழாய் தண்ணியில கழுவாதீங்க, டேங்க்ல எடுத்த தண்ணியில அலசுனா போதும்.

புக்கிட்பாத்தோக்_மீன்காரன்:
ரொம்ப நன்றிக்கா, அண்ணன்களுக்கும். கரோசெல் ஆப்புல (பழைய சாமான் விக்கற எடம்) ஒரு பழைய 2213 கெடைச்சுது, டேப்போட. ஸ்பாஞ்சு மாத்தி நீங்க சொன்னபடியே மாட்டிட்டேன், ஒழுகல. ஆனா உள்ள கரகரன்னு ஒரு சத்தம் வந்துகிட்டே இருக்கு, தண்ணியும் கொஞ்சமாதான் வருது. பழசுங்கறதாலயா?

இறால்பைத்தியம்:
காத்து மாட்டியிருக்கும். ஓடிக்கிட்டிருக்கறப்பவே டப்பாவ மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ங்க, குமிழி குமிழியா ஸ்ப்ரே பார் வழியா வெளிய வரும், ரெண்டு மூனு வாட்டி பண்ணுங்க. குமிழி விடற ஏர் ஸ்டோன் எதும் உறிஞ்சற குழாய் பக்கத்துல இருந்தா தள்ளி வைங்க.

ரெண்டு நாள் கழிச்சும் நிக்கலன்னா பிளக்க புடுங்கிட்டு மேல் மூடிய தொறந்து இம்பெல்லர (பம்புக்குள்ள சுத்தற விசிறிய) எடுத்துப் பாருங்க. அதுக்கு நடுவுல ஒரு பீங்கான் குச்சி இருக்கும், செகண்ட் ஹேண்ட்ல அதுதான் ஒடைஞ்சிருக்கும், அது மட்டும் தனியா கெடைக்கும், புது ஃபில்டர் வாங்க வேணாம். பழைய பிசுக்கு சுத்தியிருந்தாலும் இதே சத்தம் வரும், ஒரு பிரஷ் வச்சு தேய்ங்க.

பழையதொட்டி:
இன்னொன்னு. கரண்ட் ட்ரிப் ஆகி கேனிஸ்டர் ரொம்ப நேரம் நின்னுடுச்சுன்னா பாத்தவொடனே சுவிட்ச போடாதீங்க. மூடுன டப்பாக்குள்ள ஆக்சிஜன் தீந்து பாக்டீரியா செத்திருக்கும், அந்த நாத்தத் தண்ணி நேரா டேங்க்குக்கு போயிடும். மொதல்ல டப்பாவ கவுத்து ஊத்திட்டு, மீடியாவ டேங்க் தண்ணியில அலசி, அப்புறம் ஓட விடுங்க. ஸ்பாஞ்சு ஃபில்டர்னா இந்த தலைவலி இல்லன்னு இன்னொரு வாட்டி சொல்லிக்கறேன்.