பாராட்டினால் ஓவர்டைமா என்று கேட்கிறார்கள்

அம்பத்தூர் மேற்பார்வையாளர்:
தொழிற்பேட்டையில் உள்ள ஒரு லேத் பட்டறையில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். தவறு நேர்ந்தால் மட்டுமே வாயைத் திறக்கும் பழக்கம் எனக்கு ஊறிவிட்டது. என்னைத் தொழிலில் வளர்த்த மேஸ்திரியும் அப்படித்தான் இருந்தார். நாள்தோறும் ஒருவருக்காவது ஊக்கமாக ஒரு சொல் சொல்வது என்று சென்ற மாதம் முடிவெடுத்து, ஒரு பையனிடம் "பிரமாதம் தம்பி" என்றேன். அவன் மெஷினை நிறுத்திவிட்டு, "என்ன சார், இன்னைக்கும் ஓவர்டைமா?" என்றான். நான்கே நாளில் என் முயற்சி நின்றுபோயிற்று. இதை வழக்கமாக்கிக்கொண்டவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
ஐயா, அந்தப் பையன் மேல் குற்றமில்லை. எது பிரமாதம் என்று நீங்கள் சொல்லவே இல்லையே! கட்டுரை நோட்டுகளில் எல்லோருக்கும் சிவப்பு மையில் 'நன்று' என்று நான் எழுதித் தள்ளிய காலத்தில், ஒரு மாணவி நோட்டைத் திரும்பக் கொண்டுவந்து, "எது மிஸ் நல்லாருக்கு?" என்று கேட்டாள், பதில் தெரியாமல் விழித்தேன். அதன்பின், நன்றாக அமைந்த ஒரே ஒரு வரிக்கு அடிக்கோடிட்டு, அது ஏன் பிடித்தது என்பதை ஓரத்தில் எழுதலானேன். 1998இல் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று புகழப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கடினமான புதிர்களில் தடுமாறியதும் எளிதில் சோர்ந்தார்கள். உழைப்பைச் சுட்டிப் புகழப்பட்டவர்களோ தொடர்ந்து முயன்றார்கள்.

மின்ரயில் பயணி:
வழக்கமாக வேண்டுமென்றால், தினமும் தவறாமல் நடக்கும் ஒன்றோடு அதை முடிந்துவையுங்கள். லண்டனில் 96 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2010இல் அச்சான பிலிப்பா லாலியின் ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் பழக்கமாக மாற 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணித்தார்கள்; நடுமதிப்பு 66. இடையில் ஒருநாள் விட்டுப்போனாலும் பெரிய பாதிப்பில்லை என்பதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. நீங்கள் நான்கு நாளில் கைவிட்டது அவசரம். நான் தாம்பரம் வண்டியில் மாம்பலம் தாண்டியதும், அன்று எனக்கு யாருடைய வேலை உதவியது என்று யோசித்து, அவருக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பிவிடுவேன்.

பெரம்பூர்வாசி:
எல்லாம் சரிதான், ஆனால் அந்தப் பையனுக்கு ஓவர்டைம் காசு ஒழுங்காகக் கிடைக்கிறதா என்பதையும் பாருங்கள். சம்பள உயர்வு கேட்டபோதெல்லாம் முதுகில் தட்டிக்கொடுத்தே அனுப்பிய ஒரு முதலாளியிடம் நான் ஆறு ஆண்டுகள் இருந்திருக்கிறேன்.

அம்பத்தூர் மேற்பார்வையாளர்:
மூவருக்கும் நன்றி. காசு பாக்கியில்லை என்பதை ரெஜிஸ்டரைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். நேற்று நான்கு மணி டீக்குப் பிறகு அவனிடம், "வெர்னியர் அளவுகோலைத் துடைத்துப் பெட்டியில் வைப்பது இங்கே நீ ஒருவன்தான், அதனால்தான் உன் அளவு தப்புவதில்லை" என்றேன். ஒன்றும் பேசாமல் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். இன்று காலை, நான் கேட்காமலேயே, முதல் பீஸைக் கழற்றி எடுத்துவந்து என் மேசைமேல் வைத்து, "அளந்து பாருங்க சார்" என்றான்.