ஹெட்லைன் ஸ்போர்ட்ஸ் டேப்: எந்த வருடம் என்று கண்டுபிடிக்க உதவி வேண்டும்

கனடாவின் ஸ்காபரோவில் அப்பா பதிவு செய்து வைத்த விஎச்எஸ் வீடியோ டேப். உறையில் தேதி இல்லை. திரை மூலையில் ஹெட்லைன் ஸ்போர்ட்ஸ் என்ற கனடிய விளையாட்டுச் சேனலின் லோகோ, அடியில் ஸ்கோர் ஓடும் பட்டை. அந்தப் பெயர் 1997-இல் வந்தது, 2000-இல் தி ஸ்கோர் ஆனது. 2013-இல் ஸ்போர்ட்ஸ்நெட் 360. டொராண்டோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியின் ஹைலைட்ஸில் வின்ஸ் கார்ட்டர் ஆடுகிறார், அதனால் 1999 பிப்ரவரிக்கு முந்தியது இல்லை. லாக்அவுட்டால் (அணி உரிமையாளர்கள் தகராறில் ஆட்டங்களை நிறுத்தி வைத்ததால்) அவருடைய முதல் சீசனே அந்தப் பிப்ரவரியில்தான் தொடங்கியது.

படத்தின் அடிப்பகுதி இழுபட்டு நெளிகிறது, பட்டையில் எதிரணிப் பெயர் தெரியவில்லை. விசிஆர் ஹெட்டைத் துடைத்தேன், படத்தைச் சீராக்கும் டிராக்கிங்கை மாற்றினேன், அப்புறம் வேறு விசிஆரிலும் போட்டுப் பார்த்தேன். அதேதான். எனக்கு இந்த டேப் ரொம்ப முக்கியம்.

1999, 2000-இல் இந்தச் சேனலைப் பதிவு செய்தவர்கள், ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பட்டையின் படம் ஒன்று போட முடியுமா?