இணையவழிப் பட்டாவும் சான்றிதழ்களும்: உங்களுக்கு நேர்ந்தவை என்ன?

தொடக்கப் பதிவு

அனைவருக்கும் வணக்கம். வருவாய்த்துறை, உள்ளாட்சிப் பணிகள் இணையத்துக்கு மாறிய பிறகு உங்களுக்கு நேர்ந்தவற்றை இங்கே எழுதுமாறு வேண்டுகிறேன். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு என் தந்தையார் காலமானார். அவர் பெயரில் இருந்த ஒன்றேகால் ஏக்கர் புன்செய்க்குத் தாயார், நான், தங்கை ஆகிய மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா பெற வேண்டியிருந்தது. நான் வேலை செய்வது திருப்பூரில். ஊருக்குப் பேருந்தில் ஐந்து மணி நேரம் ஆகும். இறப்புச் சான்றிதழை இரவு பத்து மணிக்கு அறையில் இருந்தபடியே பதிவிறக்கிக்கொண்டேன். என் பாட்டனார் மறைந்தபோது இதே சான்றிதழுக்காகத் தந்தையார் வயல் வேலையைப் போட்டுவிட்டு மூன்று முறை பேருந்து ஏறியதைப் பார்த்தவன் என்பதால், அன்று நான் நெகிழ்ந்துபோனேன்.

சிக்கல் வாரிசுச் சான்றிதழில் தொடங்கியது. பட்டாவில் இருந்தது ஊரார் தந்தையாரை அழைத்த பெயர். ஆதாரில் பள்ளியில் பதிந்த பெயர், அதன் பின்னால் பாட்டனாரின் முழுப்பெயர். இறப்புச் சான்றிதழிலோ பள்ளிப் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து மட்டும். மூன்றும் ஒருவரே என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். விண்ணப்பமோ, பெயர் ஒத்துப்போகவில்லை என்ற ஒற்றை வரியுடன் திரும்பி வந்தது. எந்த ஆவணத்தைச் சேர்க்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்ற குறிப்பு எதுவும் அதில் இல்லை. கடைசியில் விடுப்பு எடுத்து ஊருக்குச் சென்று, நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையும் முடிந்த பிறகே, இன்னார் ‘என்கிற’ இன்னார் என்று ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஒரு சொல்லுக்காக ஏழு வாரங்கள் ஆயின.

தாயாரின் ஆதாருடன் இணைந்திருந்த கைப்பேசி எண், தங்கை திருமணத்துக்கு முன்பு வைத்திருந்து பின்னர் கைவிட்ட எண் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஓ.டி.பி. யாருக்கோ போய்க்கொண்டிருந்தது.

மறுமொழி: இ-சேவை மையம் நடத்தும் உறுப்பினர்

ஐயா, ஓ.டி.பி. பற்றி நீங்கள் எழுதியதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். வருமானச் சான்றிதழுக்கு வரும் பெரியவர்களில் பலர் கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். சிலருக்கு அந்த எண் வெளியூரில் இருக்கும் மகனிடம் இருக்கிறது. மகன் வேலை நேரத்தில் எடுக்கமாட்டார். பாட்டி என் கடைத் திண்ணையிலேயே காத்திருப்பார். பிளஸ் டூ முடிவு வந்ததும் சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்காக ஒரே நேரத்தில் கூட்டம் சேரும் நாள்களில், 60 ரூபாய்க் கட்டணத்தில் ஓர் விண்ணப்பத்துக்கு அரை மணி நேரம் செலவிட வேண்டியிருக்கிறது.

எழுதப் படிக்கத் தயங்கும் அதே பாட்டி, பேத்திக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவதில் சிறிதும் தயங்குவதில்லை. ஆந்திரப் பிரதேச அரசு 2025 ஜனவரியில் ‘மன மித்ர’ என்ற பெயரில் 161 சேவைகளை வாட்ஸ்அப்பில் தொடங்கியது. சென்னை மாநகராட்சியும் இவ்வழியில் சேவை தருகிறது. இவற்றின் அடுத்த படியாக, தட்டச்சு செய்யாமல், பேசும் தமிழைப் புரிந்துகொண்டு, “உங்கள் மனு வட்டாட்சியரிடம் இருக்கிறது, இந்த ஓர் ஆவணம் குறைகிறது” என்று குரலிலேயே பதில் சொல்லும் ஏற்பாட்டைத்தான் நான் எதிர்பார்க்கிறேன். பேச்சறி தொழில்நுட்பம் எங்கள் பக்கத்துக் கொங்குப் பேச்சையும் நெல்லைப் பேச்சையும் ஒன்றுபோலப் புரிந்துகொள்ளும் அளவுக்குப் பழக்கப்பட வேண்டும். நகரத்து மேடைத் தமிழை மட்டும் அறிந்த கருவியால் எங்கள் ஊருக்குப் பயனில்லை.

மறுமொழி: வருவாய்த்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர்

பெயர்ச் சிக்கலின் வேர் இணையத்துக்கு முந்தியது. 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது நாம் யு.டி.ஆர். என்று சொல்லும், நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த பணியில், பதிவேடுகள் கையால் எழுதப்பட்டன. விசாரணைக்குச் சென்ற நாளில் திண்ணையில் இருந்தவர் சொன்ன பெயரே பட்டாவில் ஏறிய நிலங்கள் உண்டு. அண்ணன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தம்பி பெயர் விழுந்தவையும், பரப்பு மாறியவையும் உண்டு. பின்னர் கணினிமயமாக்கியபோது, இருந்தது இருந்தபடியே ஏற்றப்பட்டது. நானும் அப்பணியில் இருந்தவன். சரிபார்க்க நேரம் தரப்படவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

தமிழ்நாடு அரசு 2020ஆம் ஆண்டிலேயே பிளாக்செயினுக்கென, அதாவது ஒரே பதிவேட்டைப் பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் தொழில்நுட்பத்துக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. ஒருமுறை பதிந்ததை எவரும் ஓசையின்றித் திருத்த முடியாது என்பது அத்தொழில்நுட்பத்தின் பெரும் வலிமை. போலிப் பட்டாவைத் தடுக்க அது உதவும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் பிழையான பெயரை அதில் ஏற்றினால், அந்தப் பிழையும் அதே உறுதியுடன் நிலைபெறும். ஆகவே அதற்கு முன்னதாக, ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் பதிவேட்டை ஊர் மக்கள் முன் வாய்விட்டு வாசித்து, ‘என்கிற’ பெயர்களையும் இறந்தவர்களின் பெயர்களையும் சரிசெய்யும் ஒரு சுற்று நடைபெற வேண்டும் என்று பணியில் இருந்தபோதே எழுதிக் கொடுத்தேன். இன்றும் அதையே சொல்கிறேன். ஐரோப்பிய நாடான எஸ்தோனியாவில் 2001 முதல் அரசுத் துறைகளின் தரவுத்தளங்கள் ‘எக்ஸ்-ரோடு’ என்ற இணைப்பின் வழியே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அங்கும் அது பயன்படுவது, ஒவ்வொரு குடிமகனையும் எல்லாத் தளங்களும் ஒரே எண்ணால் அறிவதால்தான்.

மறுமொழி: வீடு கட்டிக்கொண்டிருக்கும் உறுப்பினர்

என் அனுபவம் நல்லது. 2,500 சதுர அடிக்குள் அமைந்த மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்குச் சுயசான்றின் அடிப்படையில் இணையவழி அனுமதி தரும் முறை 2024 ஜூலையில் தொடங்கியது. நான் ஆவணங்களைப் பதிவேற்றிக் கட்டணம் செலுத்திய அன்றே அனுமதி கிடைத்தது. கடன் கேட்டுச் சென்ற ஒரு வங்கிக் கிளையில் மட்டும், “முத்திரை எங்கே?” என்று கேட்டார்கள். க்யூ.ஆர். குறியீட்டை அவர்கள் எதிரிலேயே என் கைப்பேசியில் திறந்து காட்டிய பிறகு ஏற்றுக்கொண்டார்கள்.

தொடங்கியவரின் பதில்

ஓய்வு பெற்ற ஐயா சொன்ன வாசிப்புச் சுற்று எங்கள் ஊரில் நடந்திருந்தால் என் தாயார் ஏழு வாரங்கள் காத்திருந்திருக்க மாட்டார். கூட்டுப் பட்டா சென்ற வாரம் வந்துவிட்டது. அதில் தங்கையின் பெயரில் ஒரு ‘ர’கரம் ‘ற’கரமாகப் பதிவாகியிருக்கிறது. இப்போதே திருத்த மனு கொடுத்துவிட்டேன். நாளை அவளுடைய பிள்ளைகள் வாரிசுச் சான்றிதழுக்கு நிற்கும்போது அது தடையாக இருக்கக் கூடாது. தாயாரின் கைப்பேசி எண்ணை ஆதாரில் மாற்ற வரும் சனிக்கிழமை அவரை நேரில் அழைத்துச் செல்கிறேன்.