கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 நிலுவையில் இருக்கும்போது ஹெச்1பி வேலை விசாவை விட்டுவிடலாமா?

காத்திருப்பு2013:
வணக்கம். நான் அமெரிக்காவில் கிரீன் கார்டுக்காக ஈபி-2 என்ற வேலைவாய்ப்புப் பிரிவில், இந்தியா வரிசையில் நிற்பவன். ப்ரையாரிட்டி டேட், அதாவது வரிசையில் என் இடத்தைக் குறிக்கும் தேதி, 2013 கடைசி. அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில், யார் விண்ணப்பம் போடலாம் என்று சொல்லும் டேட்ஸ் ஃபார் ஃபைலிங் அட்டவணையில் எங்கள் தேதி வந்ததும் எனக்கும் மனைவிக்கும் மகனுக்கும் சேர்த்து ஐ-485 போட்டோம். ஏழு மாதம் ஆகிறது. வேலை அனுமதி அட்டையான ஈஏடி, வெளிநாடு போய்த் திரும்புவதற்கான அட்வான்ஸ் பரோல் இரண்டும் கைக்கு வந்துவிட்டன. இப்போது ஒரு சின்ன கம்பெனியிலிருந்து வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். இதே மென்பொருள் வேலைதான், சம்பளம் நன்றாகவே அதிகம். ஆனால் ஹெச்1பி மனுப் போடும் வேலையெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்லை, ஈஏடி இருந்தால் உடனே வாருங்கள் என்கிறார்கள். பன்னிரண்டு வருடமாக ஒரே கம்பெனி, மேலே போகவும் வழியில்லை, வெளியே போகவும் பயம். போய்விடலாம் என்றுதான் இருக்கிறது. ஆபீசில் இருக்கும் நம்மவர்கள் எல்லோரும் ஹெச்1பியை மட்டும் விட்டுவிடாதே என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

பழையகோப்பு:
தாராளமாகப் போங்கள். நான் 2007 ஆகஸ்டில் ஐ-485 போட்டவன். அந்த வருடம் ஜூலை புல்லட்டினில் வேலைவாய்ப்புப் பிரிவுகள் கிட்டத்தட்ட எல்லாம் கரண்ட், அதாவது தேதி பார்க்காமல் விண்ணப்பிக்கலாம், என்று போட்டார்கள். அவசர அவசரமாக மெடிக்கல் எடுத்து, ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழ் வரவழைத்து, கோப்பை அனுப்பப் போகும் ஜூலை 2ஆம் தேதி எண்கள் தீர்ந்துவிட்டன என்று கதவை மூடினார்கள். நம் ஆட்கள் கோபத்தைக் காட்டாமல் குடியேற்றத் துறைத் தலைவருக்குப் பூங்கொத்துகளாக அனுப்பியது அப்போதுதான். ஜூலை 17 அன்று முடிவை மாற்றி ஆகஸ்ட் 17 வரை வாங்கிக்கொண்டார்கள். அந்த ஒரு மாத வாசலில் நுழைந்தவர்களில் நானும் ஒருவன்.

2009இல் என்னை வேலையை விட்டு எடுத்தார்கள். வேலை போனவர்களுக்கு இப்போது இருக்கும் 60 நாள் அவகாசம்கூட அன்று கிடையாது, அது 2017 ஜனவரியில் வந்த விதி. ஈஏடி இருந்ததால் மூன்று வாரத்தில் வேறு இடத்தில் சேர்ந்தேன். இல்லையென்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்போம். ஐ-485 நிலுவையில் 180 நாள் தாண்டிவிட்டால் அதே மாதிரியான வேலைக்கு மாறலாம் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. வேலையை உறுதிசெய்யும் சப்ளிமெண்ட் ஜே படிவத்தில் புது முதலாளி கையெழுத்துப் போட்டால் போதும். பழைய கம்பெனி உங்களுக்காகப் போட்ட ஐ-140 மனுவைத் திரும்பப் பெற்றாலும் அந்த 180 நாளுக்குப் பிறகு உங்கள் இடம் போகாது. சட்டம் கொடுத்த உரிமையைப் பயத்தால் பயன்படுத்தாமல் இருப்பது என்ன நியாயம்?

இரட்டைப்பூட்டு:
பழையகோப்பு ஐயா அனுபவத்தில் சொல்கிறார், மதிக்கிறேன். ஆனால் அவர் நடந்துபோன தரை இப்போது இல்லை. ஈஏடியை 5 வருடத்துக்குக் கொடுக்க ஆரம்பித்தது 2023 செப்டம்பரில். 2025 டிசம்பர் 5 முதல் அது 18 மாதமாகச் சுருங்கிவிட்டது. புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டால் பழைய அட்டை தானாக நீளும் என்றிருந்ததும் 2025 அக்டோபர் 30 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இல்லை. 180 நாள் முன்னாலேயே போட்டும் புது அட்டை வரவில்லை என்றால், காலாவதியான மறுநாள் நீங்கள் வேலைக்குப் போகக் கூடாது. முதலாளி நல்லவராக இருந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஹெச்1பி அப்படியா? காலம் முடியும் முன் நீட்டிப்பு மனு போட்டுவிட்டால் 240 நாள் வரை வேலையைத் தொடரலாம். ஐ-140 கையில் இருப்பவருக்கு மூன்று மூன்று வருடமாக நீட்டித் தருகிறார்கள்.

அப்புறம் ஐ-485 நிராகரிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. ஈஏடி அந்த மனுவில் தொங்கும் அட்டை. மனு போனால் மறுநாளிலிருந்து நீங்கள் இங்கே இருப்பதே சட்டப்படி இல்லாத நாட்களாக எண்ணப்படும், 180 நாள் தாண்டி வெளியே போனால் மூன்று வருடம் உள்ளே வர முடியாது. சரி, வெளியே போய் மறுபடி ஹெச்1பியில் வரலாம் என்றால், வெளிநாட்டில் இருப்பவருக்காகப் போடும் புது மனுவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அறிவித்துவிட்டார்கள். எந்தச் சின்ன கம்பெனி கட்டும்?

பழையகோப்பு:
நிராகரிப்பு என்பது வானத்திலிருந்து விழுவதில்லையே. வேலையை ஒழுங்காகப் பார்த்து, கேட்கிற காகிதத்தை நேரத்துக்குக் கொடுத்தால் எதற்காக நிராகரிக்கப் போகிறார்கள்?

இரட்டைப்பூட்டு:
எனக்கு விழுந்தது ஐயா. வீடு மாறினேன், முகவரி மாற்றத்தைப் பத்து நாளுக்குள் இணையத்தில் பதிவும் செய்தேன். ஆனாலும் கூடுதல் ஆவணம் கேட்டு வந்த கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. வக்கீல் அலுவலகத்துக்குப் போன நகலை அங்கே யாரும் பார்க்கவில்லை. பதில் வரவில்லை என்று நிராகரித்துவிட்டார்கள். 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கும் ஐ-290பி போட்டு, மறுபடி திறக்க வைக்க ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் நான் வேலைக்குப் போனேன், சம்பளம் வந்தது, பெண் பள்ளிக்குப் போனாள். ஒரே காரணம் ஹெச்1பி உயிரோடு இருந்தது. ஈஏடியில் வேலை பார்த்திருந்தால் ஐந்து மாதம் வீட்டில் உட்கார்ந்து நாளை எண்ணியிருப்பேன். தவறு என்னுடையது இல்லை, ஆனால் விளைவு என்னுடையது.

வாசலில்நிற்பவள்:
இரண்டு பேரும் பேசுவதில் ஒன்றைக் காணவில்லை. காத்திருப்பதற்கு விலை கிடையாது என்பது போலப் பேசுகிறீர்கள். நான் ஹெச்1பிகாரரின் குடும்பத்தினருக்கான ஹெச்4 விசாவில் வந்தவள். 2015 மே மாதம் ஹெச்4 ஈஏடி வரும் வரைக்கும் வேலைக்குப் போக அனுமதி இல்லை, அதற்குள் படித்த படிப்புக்குத் துருப்பிடித்துவிட்டது. அப்புறம் அந்த ஈஏடியும் எப்போது எடுத்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு வருடமும் ஒரு வதந்தி. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இந்த வரிசை இவ்வளவு நீளமாக இருப்பதற்குக் காரணம் நம் தகுதியில் குறை இல்லை. வருடத்துக்கு 1,40,000 வேலைவாய்ப்பு கிரீன் கார்டு, குடும்பத்தினரும் அதற்குள்ளேயே அடக்கம், எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற கணக்கு. அந்தக் கணக்கு மாறும் வரை பயந்துகொண்டே இருக்கச் சொன்னால் ஆயுள் போய்விடும். அவர் போகட்டும். நல்ல வேலை வருகிற வயதில் போகாமல் ஐம்பதில் போவாரா?

இரட்டைப்பூட்டு:
சகோதரி, உங்கள் வருத்தம் முழுக்க நியாயம். ஆனால் இவர் மனைவி வேலைக்குப் போக இவர் ஹெச்1பியை விட வேண்டியதில்லை. மனைவி தன் ஐ-485 ஈஏடியில் எங்கே வேலை பார்த்தாலும் இவர் ஹெச்1பிக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு அட்டையும் வீட்டில் இருக்கட்டும், இவர் மட்டும் ஹெச்1பியில் நிற்கட்டும் என்கிறேன். நாளைக்கு லே ஆஃப் என்றால் அன்றைக்கே ஈஏடிக்கு மாறிக்கொள்ளலாம். ஈஏடியிலிருந்து ஹெச்1பிக்குத் திரும்புவது அத்தனை சுலபம் இல்லை.

இன்னொன்று, தேதி பின்னுக்குப் போகும். 2022 செப்டம்பரில் ஈபி-2 இந்தியா 2014 டிசம்பர் 1 வரை வந்திருந்தது. அடுத்த மாதமே 2012 ஏப்ரல் 1. 2023இல் 2011 ஜனவரி வரை போய்விட்டது. நம் தேதி பக்கத்தில் வந்துவிட்டது, ஒரு வருடம்தானே என்று நினைத்தவர்கள் எத்தனையோ வருடம் நிலுவையிலேயே இருந்தார்கள். இவர் ஒரு வருடத்துக்காக முடிவெடுக்கவில்லை.

கணக்கர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். காத்திருப்பு, உங்கள் மகனுக்கு வயது என்ன? ஐ-485 போட்டது 2025 ஆகஸ்ட் 15க்கு முன்பா பின்பா? ஐ-140 எத்தனை நாள் நிலுவையில் இருந்தது?

காத்திருப்பு2013:
மகனுக்கு 19 முடிந்து 20 நடக்கிறது. கல்லூரி இரண்டாம் வருடம். ஐ-485 போட்டது அந்தத் தேதிக்குப் பிறகுதான். ஐ-140ஐ விரைவு வழியான பிரீமியத்தில் போட்டதால் 9 நாளில் வந்துவிட்டது. ஏன் கேட்கிறீர்கள்? விண்ணப்பம் உள்ளே போய்விட்டதால் அவன் வயது நின்றுவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கணக்கர்:
நிற்கவில்லை. 2023 பிப்ரவரியிலிருந்து டேட்ஸ் ஃபார் ஃபைலிங் தேதியை வைத்தே பிள்ளையின் வயதைக் கணக்கிட்டார்கள், அதனால் அந்த நாட்களில் போட்டவர்கள் தப்பித்தார்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் போடுபவர்களுக்கு மறுபடியும், கிரீன் கார்டு எப்போது கொடுக்கலாம் என்று சொல்லும் ஃபைனல் ஆக்‌ஷன் டேட்தான் கணக்கு. அந்த அட்டவணையில் உங்கள் தேதி வரும் மாதத்தின் முதல் நாளில் அவனுக்கு என்ன வயதோ, அதிலிருந்து ஐ-140 நிலுவையில் இருந்த நாட்களைக் கழித்து வருவது 21க்குக் கீழே இருக்க வேண்டும். மெதுவாக வந்த ஐ-140காரர்களுக்கு ஏழெட்டு மாதம் கழியும். உங்களுக்கு 9 நாள்தான். ஆக அவனுடைய 21ஆவது பிறந்தநாளுக்குள் ஃபைனல் ஆக்‌ஷன் வர வேண்டும், இல்லையென்றால் உங்கள் விண்ணப்பத்திலிருந்து அவன் கழன்றுவிடுவான்.

இப்போது ஹெச்1பி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அதில் இருக்கும் வரைக்கும் அவன் 21 வயது வரை ஹெச்4இல் இருக்கிறான். அந்த நிலையில் இருந்துகொண்டுதான் உள்ளேயே எஃப்1 மாணவர் விசா நிலைக்கு மாற்றம் கேட்க முடியும். நீங்கள் ஈஏடியில் புது இடத்துக்குப் போன நாளே உங்கள் ஹெச்1பி முடிகிறது, அவன் ஹெச்4உம் கூடவே முடிகிறது. அதன் பிறகு அவன் கையில் இருப்பது நிலுவையில் இருக்கும் ஐ-485 மட்டும். 21இல் அதுவும் போனால் மாறுவதற்கு எந்த நிலையும் இருக்காது.

பழையகோப்பு:
இதை நான் யோசிக்கவில்லை. 2007இல் என் பெண்ணுக்கு மூன்று வயது, இந்தப் பக்கமே எங்கள் கண்ணில் படவில்லை. ஆனால் கணக்கர் சார், எஃப்1 கேட்டால் மட்டும் சுலபமாகக் கொடுத்துவிடுவார்களா? திரும்பிப் போகும் எண்ணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஐ-485 போட்ட பையன் அதை எப்படிக் காட்டுவான்? இல்லாத பாதுகாப்புக்காக அப்பா நல்ல வேலையை விட வேண்டுமா?

கணக்கர்:
கஷ்டம்தான், கேள்வி வரும். ஆனால் கேட்பதற்கே காலூன்ற ஒரு நிலை வேண்டும். அது இல்லாதவன் கேட்கவே முடியாது. நான் சொல்வது அவ்வளவுதான்.

வாசலில்நிற்பவள்:
அப்படியானால் நானும் மாற்றிச் சொல்கிறேன். ஆனால் அந்த வேலையை விடச் சொல்லமாட்டேன். அந்தக் கம்பெனியிடமே ஹெச்1பி போடச் சொல்லிக் கேளுங்கள். பழக்கமில்லை என்றுதானே சொன்னார்கள், மாட்டோம் என்று சொல்லவில்லையே?

இரட்டைப்பூட்டு:
சரியான யோசனை. உள்ளே இருந்துகொண்டு கம்பெனி மாற்றும் டிரான்ஸ்பருக்கு அந்த 1 லட்சம் டாலர் கட்டணம் கிடையாது, அதை அவர்களுக்கு முதலில் தெளிவாகச் சொல்லுங்கள். பெயரைக் கேட்டதுமே பயப்படுகிறார்கள். மனு போய்ச் சேர்ந்தாலே புது இடத்தில் வேலையைத் தொடங்கலாம், தீர்ப்பு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சப்ளிமெண்ட் ஜேயையும் அவர்களே கொடுக்கட்டும். மனுச் செலவை உங்களிடம் வாங்கப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது முதலாளியின் கடமை.

காத்திருப்பு2013:
நேற்று இரவு தூங்கவில்லை. அன்றைக்கு பிரீமியம் கட்டணம் கட்டி 9 நாளில் வாங்கியதை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன். காலையில் அந்தக் கம்பெனிக்குப் பேசினேன். வக்கீலிடம் கேட்டுவிட்டு திங்கட்கிழமை சொல்கிறோம் என்றார்கள். முடியாது என்றால் மகன் விஷயம் ஒரு பக்கம் தெரியும் வரை இங்கேயே இருக்கப் போகிறேன். அவனுக்கு இன்னும் பதினைந்து மாதம் இருக்கிறது. மனைவி தன் ஈஏடியில் அடுத்த வாரம் வேலைக்குச் சேர்கிறார், அதை இனித் தள்ளிப்போடப் போவதில்லை. கணக்கர் சார், மகன் விஷயமாக வக்கீலைப் பார்க்கப் போகும்போது என்னென்ன காகிதம் கொண்டுபோக வேண்டும்?

கணக்கர்:
மூவருடைய ஐ-797 ரசீதுகள், ஐ-140 ஒப்புதல் கடிதம், அதைப் போட்ட தேதி தெரியும் ரசீது, மகனுடைய பிறப்புச் சான்றிதழ், நாட்டுக்குள் வந்த பதிவான அவனுடைய ஐ-94, ஹெச்4 ஒப்புதல்கள் முதலிலிருந்து எல்லாம். கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தையும் இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். எஃப்1க்கு வேண்டிய ஐ-20 படிவம் வாங்குவதற்கே நாளாகும்.

பழையகோப்பு:
குழந்தை இல்லாதவர்களுக்கும், சின்னக் குழந்தை இருப்பவர்களுக்கும் நான் முதலில் சொன்னதுதான் இன்னமும் என் கருத்து. காத்திருப்பு, திங்கட்கிழமை என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள்.